அண்ணன் கொண்டுவந்த இரும்பு மாடன்

கப்பலுக்குப் போன அண்ணன் முதல் லீவில் வந்தபோது வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்தது செண்ட் பாட்டிலும் டேப் ரெக்கார்டரும். அவை வந்தன. கூடவே ஒரு அட்டைப்பெட்டி நிறைய ஜப்பான் படக்கதைப் புத்தகங்களும் வந்தன. கையடக்கமாக, தடியாக, பளபளப்பான மேலட்டை போட்டவை. ஜப்பான் துறைமுகத்தில் ஆட்கள் படித்துவிட்டுக் குப்பைத்தொட்டிப் பக்கம் அடுக்கி வைத்துவிட்டுப் போவார்களாம். அண்ணன் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறான். அதில் ஒரு எழுத்துகூட அவனுக்குத் தெரியாது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டுக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன் அவன். புத்தகத்தை விரித்து, ஒவ்வொரு போல்ட்டையும் வரைந்து வைத்திருக்கிறான் பார் என்று எனக்குக் காட்டுவான். எனக்கு போல்ட்டில் என்ன அழகு இருக்கிறது என்று புரியவில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்க்கப் பிடித்திருந்தது.

கதை ஒரு ராட்சத இயந்திரத்தைப் பற்றியது. இரண்டு தென்னையை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தினால் வரும் உயரம். அதன் நெஞ்சுக்குள் ஒரு இருக்கை. அதில் மீசை முளைக்காத ஒரு பையன் ஏறி உட்கார்ந்தால் இயந்திரம் கையைக் காலை அசைக்கும், கடலிலிருந்து வரும் வேறு இயந்திரங்களோடு சண்டை போடும். பனச்சமூட்டிலிருந்து வந்திருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, ஒரு பக்கத்தைப் பார்த்ததும் தலையில் கைவைத்தாள். "இது இரும்பு மாடனாக்கும். இதைப் பூசை அலமாரி பக்கம் வைக்காண்டாம்" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு இரும்பு மாடன் என்றே பெயர்.

அடுத்த லீவில் சிங்கப்பூரிலிருந்து அதே கதையின் ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்கி வந்தான். இவை ஒல்லியான சஞ்சிகைகள். ஒரு ஜப்பான் புத்தகத்தை ஆறேழாக நறுக்கி விற்றிருந்தார்கள். பாறசாலையில் எங்கள் வீட்டில் ஆங்கிலம் தடையில்லாமல் வாசிப்பவள் நான் ஒருத்திதான். அப்பா வில்லேஜ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஆங்கிலம் மனுவோடு நின்றுவிடும். அம்மா தேங்காய் துருவும்போது நான் கதையைத் தமிழில் சொல்வேன். பக்கத்து வீட்டு டீச்சரம்மா வந்தால் மலையாளத்துக்கு மாறிக்கொள்வேன். ஆங்கிலத்தில் பாதியோடு நின்றுபோயிற்று, விற்கவில்லை போலிருக்கிறது என்று அண்ணன் சொன்னான். வந்தவரையில் கடைசி இரண்டு இதழை நான் படிக்கும் முன்பே, அதியன்னூரிலிருந்து என்னோடு கல்லூரிக்கு வரும் தோழி பஸ்ஸில் வைத்தே பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். பிறகு பரீட்சை வந்தது, நானும் மறந்துபோனேன்.

மூன்றாவது முறை அண்ணன் போனது வேறு கப்பல். பழைய சரக்குக் கப்பல் என்று சொன்னான். ஆப்பிரிக்காக் கரையில் ஏதோ துறைமுகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சித்திரை விஷு கழிந்தபின் ஒன்றும் வரவில்லை.

முதலில் நாங்கள் பயப்படவில்லை, தபாலைத் திட்டினோம். அப்புறம் பம்பாயிலிருந்த ஏஜெண்டுக்கு அப்பா போன் போட்டார். கப்பல் வழியில் இருக்கிறது என்றார்கள். அடுத்த தடவை விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். அதற்கடுத்து மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஜங்ஷன் பூத்தின் கண்ணாடிக்குள் அப்பா ரிசீவரைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றதை வெளியிலிருந்து பார்த்தேன். எதிர்முனையில் யாரோ பேசுவதுபோல் அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்காகத்தான் ஆட்டினார் என்று தெரிந்தது.

எங்களுக்குப் போன் கிடையாது. டீச்சரம்மா வீட்டு நம்பரைத்தான் அண்ணனிடம் கொடுத்திருந்தோம். அங்கே மணி அடித்தால் எங்கள் வீட்டில் கரண்டி, விளக்குமாறு, பேச்சு எல்லாம் நின்றுவிடும். டீச்சரம்மா மதில் பக்கம் வருகிறாளா என்று பார்ப்போம். வராவிட்டால் ஒரு பயம், வந்துவிட்டால் அதைவிடப் பெரிய பயம். ஒருமுறை அவள் வேகமாக வந்தாள், அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொத்தமல்லி இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்திருந்தாள். நான் அவளிடம் ஒரு வாரம் பேசவில்லை. அவள்மேல் தப்பொன்றும் இல்லை, எனக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது.

வைகாசிப் பாதியில் வரும் இடவப்பாதி மழை பிடித்தது. காற்றில் ரப்பர் மரங்கள் வளைந்து இரைந்தால் அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். கடலிலும் இதே காற்றுதானே என்பாள். ஆப்பிரிக்காவில் வேறு காற்று என்று நான் சொல்வேன். அதை நானே நம்பவில்லை. காரோடு ஊரில் கடலுக்குப் போகும் ஒருவர் அப்பாவிடம், ரேடியோ பேசாத கப்பலை இத்தனை நாள் கணக்கில் வைக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். அப்பா அதை எங்களிடம் சொல்லவில்லை. அத்தையிடம் சொன்னார். அத்தையிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

கர்க்கடகம் பிறந்தது. ஆடியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அந்த மாதம் முழுக்க விளக்கு வைத்ததும் புராணம் வாசிப்பது வீட்டு வழக்கம். வாசித்து முடித்தால் சிலர் பகுத்துப் பார்ப்பார்கள். மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு, கண்ணை மூடிப் புத்தகத்தை விரித்து, வலது பக்கத்தில் ஏழு வரி தள்ளி வருவதைப் படித்து, காரியம் நல்லதா கெட்டதா என்று சொல்வார்கள். கல்யாணத்துக்கும் வேலைக்கும் பார்த்தவர்கள் உண்டு. அதே மாதத்து அமாவாசையில்தான் வாவும் வரும். அன்று இறந்தவர்களுக்கு ஆற்றங்கரையில் பலி வைப்பார்கள்.

அத்தை மாதப் பிறப்புக்கே வந்து தங்கிவிட்டாள். அவள் கெட்டவள் இல்லை. அண்ணனைத் தோளில் போட்டு வளர்த்தவள். வாவு நெருங்க நெருங்க அவள் சொல்லத் தொடங்கினாள்: போனவன் போயிருந்தால், ஒரு பிடிச் சோறு வைக்காமல் இருந்தால், அவன் எங்கே அலைவான்? அம்மா 'இல்லை' என்று மட்டும் சொன்னாள். உயிரோடிருப்பவனுக்குப் பலி வைத்தால் அப்புறம் அவன் எப்படி வீட்டுக்கு வருவான் என்பது அவள் பயம். சாகவில்லை என்று பலி வைக்காமல் விட்டு, அவன் செத்திருந்தால் என்பது அத்தையின் பயம். எனக்கு இரண்டும் இருந்தது. இரண்டு பேரும் பேசும்போது மாறிமாறி இரண்டு பேரையும் நம்பினேன்.

அப்படியென்றால் பகுத்துப் பாரு என்றாள் அத்தை. அம்மா புராணப் புத்தகத்தைத் தொட மறுத்தாள். அது சொல்லிவிட்டால் மாற்ற முடியாதே என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். அன்று மத்தியானம் மழைக்கு நடுவில் குளித்து, ஈரத் தலையோடு விளக்கேற்றி, பரணிலிருந்து அண்ணனின் அட்டைப்பெட்டியை என்னை இறக்கச் சொன்னாள்.

"இது அவனுக்க புத்தகமாக்கும். இது என்ன சொன்னாலும் பெருசா ஒண்ணும் இல்ல" என்றாள். எனக்கா தனக்கா என்று தெரியவில்லை.

மேலே இருந்த ஜப்பான் புத்தகத்தை எடுத்தாள், கண்ணை மூடினாள், விரித்தாள். வரி எண்ண வழியில்லை, அந்தப் பக்கத்தில் வரிசையாக மூன்று படம்தான். அம்மா இடமிருந்து வலமாக விரலை ஓட்டினாள். முதல் படத்தில் மாடன் நிற்கிறது. நடுப்படத்தில் முழங்காலில் விழுந்திருக்கிறது. மூன்றாவதில் சேற்றுக்குள் குப்புறக் கிடக்கிறது, கண்ணிரண்டும் அணைந்து கறுப்பாக. அம்மாவின் விரல் அந்த மூன்றாவது படத்திலேயே நின்றது. நடுப்படத்தில் ஒரு பேச்சுக் கட்டம் இருந்தது. என்ன எழுதியிருக்கு, வாசி என்றாள். ஜப்பான் எழுத்து அம்மா, தெரியாது என்றேன். கல்லூரிக்கு அனுப்பியும் இதற்கு உதவவில்லையே என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

சாயங்காலம் அப்பாவிடம், அக்கா சொல்வதுபோலவே செய்துவிடலாம் என்றாள். அப்பா கழுவிய காலை மறுபடி கழுவப் போனார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. குப்பைத்தொட்டியோரம் கிடந்த ஒரு படக்கதை, எங்கள் அண்ணன் செத்தான் என்று தீர்ப்புச் சொல்வதா? அது என்னதான் பேசுகிறது என்று பார்த்துவிடுகிறேன் என்று, வாவுக்கு முந்தின நாள் ஜப்பான் புத்தகத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு அதியன்னூருக்குப் பஸ் ஏறினேன். தோழியிடம் இருக்கும் இரண்டு இதழில் அந்தப் பக்கம் இருந்தாலும் இருக்கும். பஸ்ஸில் போகும்போது ஆத்திரமெல்லாம் வடிந்துவிட்டது. 'நான் சாகிறேன்' என்று அதில் எழுதியிருந்தால் அம்மாவிடம் என்ன சொல்வேன் என்ற பயம் பிடித்துக்கொண்டது. நெய்யாற்றின்கரை தாண்டியதும் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

தோழி இதழ்களைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு டீ போடப் போனாள். இரண்டாவது இதழின் கடைசிப் பக்கம் அதுதான். அதே மூன்று படம். ஆனால் இடப்பக்கம் மாடன் சேற்றில் கிடக்கிறது, நடுவில் முழங்காலில் இருக்கிறது, வலப்பக்கம் நிற்கிறது. அச்சகத்தில் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜப்பான் புத்தகத்தில் பையனுக்குத் தழும்பு வலது கன்னத்தில், இங்கே இடது கன்னத்தில். மாடனின் தோளில் எழுதிய எண்ணை எல்லா இடத்திலும் திருத்திப் போட்டவர்கள் ஒரு மூலையில் மறந்திருந்தார்கள். அங்கே ஐந்து என்ற எண் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நின்றது. இதழின் முன்பக்கத்துப் படங்களைத் தேடினால் ஜப்பான் புத்தகத்தில் அவை பின்னால் கிடந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் வலமிருந்து இடம் வாசிக்கிறார்கள். இங்கிலீஷ்காரன் தன் ஆட்கள் வாசிக்கத் தோதாகப் படத்தையெல்லாம் திருப்பிப் போட்டிருக்கிறான். நாங்கள் ஜப்பான் புத்தகத்தை எங்கள் புத்தகம் மாதிரியே திறந்து, எல்லாவற்றையும் பின்னிருந்து முன்னால் பார்த்திருக்கிறோம். மாடன் அந்தப் பக்கத்தில் விழவில்லை, எழுந்திருக்கிறது. தோழி கொடுத்த டீயைக் குடித்தேனா என்று நினைவில்லை.

நடுப்படத்தில் இருந்தது இரண்டே சின்ன வாக்கியம். மாடனுக்குள் இருக்கும் பையன் சொல்வது.

வீடு திரும்பியபோது பலிக்கான பச்சரிசியும் எள்ளும் தர்ப்பையும் பையில் தயாராக இருந்தன. சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் இரண்டையும் விரித்துக் காட்டிச் சொன்னேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். அத்தைக்குக் கோபம்.

"கண்ணாடியில திருப்பிப் பாத்தா செத்தவன் எழும்பி வருவானா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது சரிதான். அம்மா அத்தையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன எழுதியிருக்கு என்று மட்டும் கேட்டாள். பஸ்ஸில் வரும்போதே அதைத் தமிழாக்கி வைத்திருந்தேன்: நான் இங்கே இருக்கிறேன், யாருக்காவது கேட்கிறதா? அம்மா முகத்தைப் பார்த்ததும் அப்படிப் பாடப்புத்தகம் மாதிரிச் சொல்ல வாய் வரவில்லை. அண்ணன் சொன்னால் எப்படிச் சொல்வானோ அப்படி வந்துவிட்டது.

"நான் இங்க உண்டு. ஆருக்காவது கேக்குதா?"

அம்மா நடுப்படத்தின்மேல் விரலை வைத்தாள்.

"கேக்குது மக்கா" என்றாள், புத்தகத்தைப் பார்த்து.

அப்போது பிடித்த பயத்துக்கு முன்னால் நான் அதுவரை பட்டதெல்லாம் ஒன்றுமில்லை. எந்தப் பக்கமிருந்து வாசிக்க வேண்டும் என்று சொல்லத்தான் நான் வந்தேன். அண்ணன் உயிரோடிருக்கிறான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் எல்லோருக்கும் நான் அதைத்தான் சொல்லியிருந்தேன். இனி அதைத் திருப்பி எடுக்க முடியாது.

ஆங்கில இதழ் அந்தப் பக்கத்தோடு முடிகிறது. அதற்கப்புறம் மொழிபெயர்ப்பு வரவில்லை. ஜப்பான் புத்தகத்தில் கதை தொடர்ந்து போகிறது. அப்பா, பொறவு என்ன என்று கேட்டுக்கொண்டே அடுத்த பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தார். அம்மா அவர் கைமேல் கையை வைத்து அழுத்தினாள். அவள் அப்பாவை அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை.

"வேண்டாம். இது இங்கன இருக்கட்டு."

புத்தகத்தை மூடி, பழைய முண்டில் பொதிந்து, தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். பலிக்கு அப்பா போகட்டும், தாத்தாவுக்கும் பாட்டிக்கும் வைக்கட்டும், அவ்வளவுதான் என்றாள். அத்தை எழுந்துபோய், மறுநாளைக்கான அரிசியை அளந்து வைத்தாள்.

விடிந்ததும் அப்பாவோடு நான்தான் நெய்யாற்றுக் கடவுக்குப் போனேன். மழை விட்டிருந்தது, ஆற்றில் கலங்கல் தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. வரிசை வரிசையாக ஆட்கள் இலைக்கு முன்னால் ஈர முண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா உருண்டை பிடித்து வைக்க வைக்க, சடங்கு செய்து வைப்பவர் பெயரும் நட்சத்திரமும் கேட்டு மந்திரம் சொல்லிக்கொண்டே வந்தார். தாத்தா முடிந்தது, பாட்டி முடிந்தது. அப்பாவின் இலையில் இன்னும் ஒரு உருண்டைக்குச் சோறு இருந்தது. அத்தை ஒரு ஆளுக்குக் கூடுதலாக அளந்திருக்கிறாள்.

"இனி ஆர்க்கெங்கிலும் உண்டோ?" என்று கேட்டார் அவர். வேறு யாருக்காவது வைக்க வேண்டுமா என்று மலையாளத்தில், தினமும் நூறு பேரிடம் கேட்கிற குரலில்.

அவர் இன்னொரு முறை கேட்டார். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பினார்கள். அப்பா கழுத்தைத் திருப்பி, பின்னால் துண்டோடு நின்ற என்னைப் பார்த்தார். நீதானே வாசித்தாய், சொல்லு என்று கேட்கிற பார்வை. எனக்குத் தலையை ஆட்டவும் தெரியவில்லை, அசைக்காமல் இருக்கவும் தெரியவில்லை. ஓடிவிடலாம் போலிருந்தது.

"இல்ல" என்றார் அப்பா.

எல்லாம் முடிந்து, இலையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். உருண்டைகளை விட்டுவிட்டு மீந்த சோற்றை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஆற்றில் விட்டால் அது பலியாகிவிடும். பலிச்சோற்றை வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது. கரையில் காக்கைகள் வேறு காத்திருந்தன. வெள்ளம் முட்டுக்குமேல் இழுக்க, அவர் எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியவில்லை. நான் கூப்பிட்டேன். அவர் திரும்பாமல், அந்தச் சோற்றை எள்ளோடு வாயில் போட்டு விழுங்கினார். ஆச்சாரத்தில் ஒரு பருக்கைகூட மாற்றி வைக்காத மனிதர். பஸ்ஸில் வரும்போது, வீட்டில் சொல்லாண்டாம் என்றார். நான் சொல்லவில்லை.

அண்ணன் வரவில்லை. கப்பல் மூழ்கியது என்று சிலர் சொன்னார்கள், கடனுக்காக ஏதோ துறைமுகத்தில் பிடித்து வைத்து ஆட்களை இறக்கிவிட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். ஏஜெண்டின் ஆபீஸ் இருந்த இடத்தில் வேறு யாரோ கடை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வாவுக்கும் அப்பா போனார், அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அப்பா காலமானபின் அவருக்காக நான் போகிறேன். எங்கள் பக்கம் பெண்களும் பலி வைக்கலாம். என்னிடமும் கேட்கிறார்கள், நானும் இல்லை என்கிறேன். சொல்லிவிட்டு வீடு வரும்வரை என்னையே கேட்டுக்கொண்டு வருவேன். அண்ணன் உயிரோடிருந்தால் ஏன் ஒரு போன்கூடப் பண்ணவில்லை? செத்திருந்தால், எத்தனையோ வருஷமாக ஒரு பிடிச் சோறு கிடைக்காமல் எங்கே நிற்கிறான்? அத்தை சாகும்போதும் இதைத்தான் கேட்டாள்.

போன மாதம் என் கணவர் திருவனந்தபுரத்தில் ஒரு புத்தகக்கடையிலிருந்து கூப்பிட்டார். அந்த மாடன் கதை இப்போது ஆங்கிலத்தில் முழுவதும் வந்துவிட்டது, தடிதடியாக அலமாரி நிறைய இருக்கிறது, படத்தைத் திருப்பாமல் ஜப்பான் போலவே வலமிருந்து போட்டிருக்கிறான், கடைசிவரை படித்துவிடலாம், வாங்கட்டுமா என்று கேட்டார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்திருக்கிறார். அடுத்த பக்கத்தைப் பிடித்த அப்பாவின் கைமேல் அம்மா வைத்த கைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

போன் சத்தம் கேட்டு அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். காது மந்தமானபிறகும் போன் அடித்தால் மட்டும் அவளுக்குக் கேட்கும்.

"ஆராக்கும் மக்கா?"

அவர்தான், அம்மா என்றேன். போனில் வேண்டாம் என்றேன், அம்மா இருக்கும்வரை வேண்டாம்.